இழுத்துப் பார்த்தப்போ நின்ன போல்ட்டு

இல்லைங்க, எனக்கு இந்தச் செவுத்தோரமே போதுங்க. ஃபேன் அங்கதான் சுத்துதுன்னு தெரியுது. வேர்த்தா தொடச்சுக்கலாம். நீங்க வேணா போயி உக்காருங்க, நான் தடுக்கல. ஆனா மேடைக்கு முன்னால, நடுவால மட்டும் வேண்டாம். மேல பாத்தீங்களா? மேடைக்கு மேல, முன்வரிசை வரைக்கும் நீட்டி, மரத்துல கோபுரம் மாதிரி செதுக்கி, சுத்திப் பூ வச்சிருக்காங்கல்ல, அது கீழ இருந்து நிக்கலைங்க. மேல தளத்துல இருந்து தொங்குது. மூலைக்கொரு கம்பி. கம்பிக்கு மேல ஒரு தகடு, தகட்டுல போல்ட்டு. பெயின்ட் அடிச்சு மறைச்சிருக்காங்க, ஆனா எனக்குத் தெரியும். உள்ள வந்தவுடனே எல்லாரும் பொண்ணு மாப்ள போட்டோவைப் பாக்கறாங்க, நான் அண்ணாந்து அதைப் பாத்துட்டு நிக்கறேன். வரவேற்புல நின்ன புள்ள என்னைய ஒரு மாதிரி பாத்துட்டு சந்தனத்தை வேற ஆளுக்கு நீட்டிருச்சு.

பொண்ணு வீடான்னுதான கேட்டீங்க? அதை எப்படிச் சொல்றதுங்க. பொண்ணுக்கு நான் தாய்மாமன். கூடப் பொறந்த வகைல இல்ல. பொண்ணோட அம்மா ருக்குமணிக்கு அண்ணன் தம்பி கெடையாது. காது குத்தறப்போ மடில உக்கார வைக்க ஒரு மாமன் வேணுமில்லைங்களா. பொண்ணோட அப்பன் திருமூர்த்தி எங்கிட்ட வந்து, "சென்னி, நீ உக்காரு"ன்னான். என்ற பேரு சென்னியப்பனுங்க. உக்காந்தேன். அந்தப் புள்ள கோகிலவாணி, குத்துன வலிக்கு என்ற கட்டைவிரலைக் கடிச்சு வச்சிருச்சு. இன்னும் தழும்பு இருக்கு, பாருங்க. அது இல்லைங்க, அது டிரில் மிஷின் பட்டது. இதுதான் அவ கடிச்சது.

அதனால இன்னைக்கும் என்னையத்தான் கூப்பிடுவாங்க. எங்க வழக்கத்துல தாய்மாமன் நெத்தில பட்டம் கட்டுனாத்தான் பொண்ணை மேடைக்குக் கூட்டிட்டு வருவாங்க. கூப்பிடட்டும். போறதா இல்லைங்க. வந்தமா, பந்தில உக்காந்து சாப்பிட்டமா, பஸ் ஏறுனமான்னு போயிட்டே இருப்பேன். இந்தப் பையிங்களா? இது என்ற சம்சாரம் தெய்வானை குடுத்து விட்டது. உள்ள என்ன இருக்குன்னு நான் பாக்கல.

ஏன் போகமாட்டேன்னா... நீங்க மாப்ளைக்குச் சித்தப்பாங்கறீங்க, உங்ககிட்டச் சொல்லக்கூடாதுதான். ஆனா முகூர்த்தம் நெருங்கிருச்சு, பந்தி ஓடுது, இனி நான் சொல்லி எதுவும் நிக்கப் போறதில்ல. பொண்ணு தங்கம். அதுல ஒரு கொறையும் சொல்லமாட்டேன். அப்பன் துரோகி. அவ்வளவுதானுங்க.

நானும் திருமூர்த்தியும் பனியன் கம்பெனில ஒண்ணா அயர்ன் பண்ணுனவங்க. பகல்ல அயர்ன் டேபிள், பொழுது எறங்குனா பாலிடெக்னிக். பார்ட் டைம் டிப்ளமோ, சிவில். வகுப்புல ரெண்டு கட்சி இருக்குங்க. தூங்கற கட்சி, தூங்கறவனை எழுப்பற கட்சி. நான் தூங்கற கட்சி. பக்கத்துல உக்காந்து வெலாவுல குத்தி எழுப்பறது அவன் வேலை. அவனை யாரும் எழுப்ப வேண்டியதில்ல, அவன் தூங்கவே மாட்டான். மனுசனுக்குத் தூக்கம் வேணுமில்லைங்களா? அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்.

டிப்ளமோ முடிச்சதும் ரெண்டு பேரும் கூட்டா ஒரு தொழில் ஆரம்பிச்சோம். கெமிக்கல் போல்ட்டு. கட்டி முடிச்ச கட்டடத்துல பொறகு ஏதாச்சும் கனமா மாட்டணும்னா என்ன பண்ணுவீங்க? தளத்தை ஒடைக்க முடியுமா? அதுக்குத்தான் நாங்க. டிரில் போட்டு ஓட்டை போடுவோம். துப்பாக்கி மாதிரி ஒண்ணு இருக்கு, அதுல ரெண்டு வகைப் பசை ட்யூப் மாட்டி அழுத்துனா கலந்து வரும். ஓட்டைக்குள்ள அதை நெப்பி, கம்பியத் திருகி உள்ள விட்டுட்டு, காயற வரைக்கும் கை வைக்காம இருக்கணும். காஞ்சுதுன்னா கம்பியும் காங்கிரீட்டும் ஒரே ஒடம்பு. ஜாக்கி வச்சு இழுத்தா காங்கிரீட் பேந்து வரும், போல்ட்டு வராது.

ஒரே எதிரி தூசிங்க. ஓட்டைக்குள்ள மாவு மாதிரி நிக்கும். ஊதணும், பிரஷ் விட்டுத் தேய்க்கணும், மறுபடி ஊதணும். இல்லாட்டி பசை போயித் தூசில ஒட்டும். தூசி எதுல ஒட்டும்? சொல்லுங்க பாக்கலாம். அதுக்கு எங்களுக்குள்ள ஒரு பழக்கம். அவன் போட்ட ஓட்டைக்குள்ள நான் விரல் விட்டுப் பாப்பேன். நான் போட்டதுல அவன் விடுவான். விரல் வெள்ளையா வந்தா மறுக்கா ஊது. யாரும் அவனவன் ஓட்டையை அவனவனே பாத்துச் சரின்னு சொல்லக்கூடாது. ஏன்னா சொந்த ஓட்டைன்னா கண்ணுக்கு எல்லாம் சுத்தமாத்தான் தெரியும். இந்தச் சட்டத்தைக் கொண்டு வந்தது யாருங்கறீங்க? நான். அவன் இல்ல, நான்.

அப்படி இருந்த தொழில்லதான் அந்தச் சாயப்பட்டறை வேலை வந்துச்சு. பேரு வேண்டாங்க, இந்த ஊருதான். சாயம் போட்ட ஈரத்துணிய இழுத்துப் பிடிச்சு, சூட்டுல காய வைக்கற மிஷின் ஒண்ணு இருக்கு, ஸ்டென்டர்னு சொல்லுவாங்க. உங்களுக்குத் தெரியுங்களா? சரிங்க. அதோட சூட்டுக்காத்தை வெளிய தள்ளறதுக்கு ஒரு டக்டு. தகரத்துல ஆளு உள்ள தவந்து போற அளவு பெருசு. மிஷினுக்கு மேல, தளத்துல இருந்து தொங்க விடணும். எக்ஸ்போர்ட் ஆர்டர் நெருக்குது, மிஷினை உடனே ஓட்டணும்னு மொதலாளி நிக்கறாரு. நான் சீக்கிரம் காயற பசையா வாங்குனேன். திருமூர்த்தி ட்யூப்பைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, சூடான எடத்துக்கு ஆகாதுன்னு போட்டிருக்கு சென்னிங்கறான். ட்யூப்புல என்னென்னமோ போட்டிருக்கும். பிஸ்கட் பாக்கெட்ல சத்துன்னு போட்டிருக்கு, தின்னுட்டு யாராச்சும் பயில்வான் ஆயிருக்காங்களா?

மார்கழிக் காலைலங்க, மொதலாளி முன்னால நிக்க, ஜாக்கி மாட்டி ஒவ்வொரு போல்ட்டா இழுத்துக் காட்டுனோம். ஒண்ணு கூட அசையல. மொதலாளி அவரு கையால டீ குடுத்தாரு. பக்கத்துலயே ரெண்டாவது ஷெட் கட்டப் போறோம், அந்த வேலையும் உங்களுக்குத்தான்னாரு. இதை நல்லா மனசுல வச்சுக்கங்க. எல்லா போல்ட்டும் நின்னுச்சு. எல்லார் கண்ணு முன்னாலயும் நின்னுச்சு.

அதுக்கப்பறம் மிஷின் ஓட ஆரம்பிச்சுது. நமக்கு அங்க என்ன வேலை? ஆனா திருமூர்த்தி போனான். யாரும் கூப்பிடல, அவனாப் போனான். வேலை முடிச்சன்னைக்கே ஒவ்வொரு கம்பிலயும், அது தளத்துக்குள்ள போற எடத்துல ஒரு மஞ்சக் கோடு போட்டு வச்சிருந்தானாமா. கம்பி எறங்குனா கோடும் எறங்கும். கோட்டுக்கு மேல பெயின்ட் படாத கம்பி தெரியும். சித்திரை மாசம், டீக்கடைல உக்காந்திருக்கேன், வந்து சொல்றான், கோட்டுக்கு மேல வெள்ளையா ஒரு கீத்துத் தெரியுதுன்னு. பெயின்ட் காஞ்சு சுருங்கியிருக்கும்டான்னேன். பெயின்ட் அவ்வளவு சுருங்காதுன்னான். அப்ப நீ அண்ணாந்து மொறைச்சதுல கூச்சப்பட்டுச் சுருங்கியிருக்கும்னேன். கடைல எல்லாரும் சிரிச்சாங்க. அவன் சிரிக்கல.

அடுத்து ஒரு நாள் ஒரு ரூபாக் காசைக் கொண்டாந்து காட்டறான். என்னடான்னா, துணி வெளிய வர்ற பக்கத்துல, டக்டைத் தாங்கற தகட்டுக்கும் தளத்துக்கும் நடுவால இந்தக் காசு போகுதுங்கறான். நான் அந்தக் காசை வாங்கிப் பக்கத்துப் பெட்டிக்கடைல போட்டு ஒரு தேன்மிட்டாய் வாங்கி அவன் கைல குடுத்தேன். "இனிமே எதைச் சொருகுவ?"ன்னேன். தமாசுக்குத்தானுங்க. அதையும் மனசுல வச்சிருந்திருக்கான் பாருங்க.

பொறகு ஊட்டுக்கே வந்தான். தெய்வானை சாப்பாடு போட்டா, அவன் சாப்பிடல. அவகிட்டயும் சொல்லிட்டிருந்தான். கீழ ஆளு நிக்கறாங்க, ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட்டு ஆளு மாறுது, மிஷின் நிக்கறதே இல்லைன்னு. நான் டி.வி. சத்தத்தைக் கூட்டி வச்சேன். அவனுக்குத் தெளிவாச் சொன்னேனுங்க. ரெண்டாவது ஷெட் வேலை கைக்கு வரட்டும், மொதலாளி கையெழுத்துப் போடட்டும், அந்த வேலைல வர்றதை வச்சு இதைக் கழட்டி வேற மாதிரி மாட்டிக் குடுத்துருவோம். மிஷின் நிக்கறப்போ சத்தமில்லாம பண்ணிரலாம். நியாயந்தானுங்களே? யாருக்கும் நட்டமில்ல. கொஞ்சம் பொறுக்கணும், அவ்வளவுதான். இத்தனை நாளு தொங்குனது இன்னும் கொஞ்ச நாளு தொங்காதா?

அவனும் சரின்னுதான் போனான். இல்ல, சரின்னு சொல்லல. ஆனா தலையக் குனிஞ்சுட்டுப் போனான், நான் அதைச் சரின்னு எடுத்துக்கிட்டேன்.

தீவாளிக்கு ஒரு வாரத்துக்கு முன்ன நான் ஸ்வீட் பாக்ஸோட மொதலாளி ஊட்டுக்குப் போறேன். வெள்ளைச் சட்டை போட்டுட்டுப் போறேன். கையெழுத்தாகற நாளுங்க. அவரு வாசல்லயே நிக்க வச்சுட்டாரு. "உங்க பார்ட்னர் நேத்தே வந்துட்டுப் போயிட்டாரு. மிஷினை நிறுத்திட்டேன்"னாரு. ஸ்வீட் பாக்ஸை வாங்கவும் இல்ல, வேண்டாம்னும் சொல்லல. கைலயே இருந்துச்சு. பஸ்ல வர்றப்போ மடில வச்சுட்டு வந்தேன்.

எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலைங்க. அதுதான் எனக்கு. ஒரே ஒரு வார்த்தை சொல்லல.

டீக்கடைல சொன்னானா? அது வேறங்க. காசு கொண்டாந்ததா? அதெல்லாம் சொன்னதாகுமா? கீத்துத் தெரியுது, காசு போகுதுன்னுதான சொன்னான். மொதலாளிகிட்டப் போயிச் சொல்லப் போறேன்னு சொன்னானா? அதைச் சொல்லலையே.

நேரா எங்க குடோனுக்குப் போனேன். ஓட்டை ஊதற கம்ப்ரஸரைத் தொடச்சிட்டிருந்தான். தொழிலே போச்சு, கம்ப்ரஸரைத் தொடைக்கறான். போறதுக்கு முன்னால எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்லடான்னு கேட்டேன். கையத் தொடச்சிட்டுச் சொல்றான்:

"பண்ணியிருந்தா நீ பேசியே என்னைய நிறுத்தியிருப்ப, சென்னி."

"நீ யாரு பக்கம்டா?"ன்னேன்.

"நான் கீழ நின்னு மேல பாத்தேன்"னான்.

இது ஒரு பதிலுங்களா?

மிஷினை நிறுத்தி, டக்டுக்குக் கீழ பைப்பு முட்டுக் குடுத்து, போல்ட்டையெல்லாம் கழட்டிப் பாத்தாங்க. துணி வெளிய வர்ற பக்கத்துல இருந்ததுல ஒரு நாலஞ்சு கைல வந்துச்சாமா. ஜாக்கியெல்லாம் வேண்டாம், பிடிச்சு இழுத்தாலே வந்துச்சாமா. ஊரெல்லாம் அதையே பேசுனாங்க. மத்ததெல்லாம் நின்னுச்சே, அதை ஒருத்தன் பேசுனானா? அந்த டக்டு விழுகவே இல்லைங்க. இன்னைக்கு வரைக்கும் விழுகல. விழுகாத ஒண்ணுக்காக என்ற தொழில் விழுந்துச்சு. அதுக்கப்பறம் இந்த ஊருல எந்தப் பட்டறைலயும் எனக்கு ஒரு ஓட்டை போடற வேலை கூட வரல.

அவனுக்கு என்னாச்சுங்கறீங்க? அதே மொதலாளி அவனை மெயின்டனன்ஸ் சூப்பர்வைசரா எடுத்துக்கிட்டாரு. காட்டிக் குடுத்ததுக்குக் கூலி. தளத்தைத் தாண்டி மேல் மாடி வரைக்கும் ஓட்டை போட்டு, மேல தகடு வச்சு, நட்டுப் போட்டு முறுக்கி அந்த டக்டைத் திரும்ப மாட்டுனானாம், பசையே இல்லாம. அந்த வேலைக்குச் சம்பளம் வேண்டாம்னு சொல்லிட்டானாமா. நடிப்புங்க.

நான் அப்பறம் நெறைய யோசிச்சேன். அந்தப் போல்ட்டு ஏன் அப்படிப் பண்ணுச்சுன்னு. மார்கழிக் குளுருல இழுத்தோம். ஒரே இழுப்பு, பெரிய இழுப்பு. நின்னுச்சு. ஆனா தெனமும் கனம் தொங்கிட்டே இருந்து, சூடும் பட்டுட்டே இருந்தா, அந்தப் பசை எளகுமாமா. ஒரேடியா வராது. வெளிய தெரியாம மயிரிழை மயிரிழையா எறங்கும். இழுத்துப் பாத்து நல்ல போல்ட்டு கெட்ட போல்ட்டுன்னு சொல்ல முடியாதுங்க.

திருமூர்த்தியும் அந்த ரகந்தான். இழுத்துப் பாத்தப்போ நின்னவன். எனக்கு டைஃபாய்டு வந்து படுத்தப்போ ரெண்டு ஆள் வேலைய ஒத்த ஆளாப் பாத்தான். கம்ப்ரஸர் வாங்க ருக்குமணி வளையலைக் கழட்டிக் குடுத்தவன். ஓட்டை போடறது அவன், ஊதறது அவன், ஏணில ஏறறது அவன். மொதலாளிகளோட உக்காந்து பேசறது நான், அதுக்கும் ஒரு ஆள் வேணுமில்ல. ஞாயித்துக்கிழமை வேலைன்னாலும் அவனைத்தான் தாட்டி விடுவேன். ஒரு நாளும் மூஞ்சியக் காட்டுனதில்ல. வருசக்கணக்கா அப்படியே இருந்தான். அப்படி இருந்தவன் கடைசில நழுவிட்டான் பாருங்க. என்ன கொற வச்சேன் அவனுக்கு?

இப்பவா? இப்ப ஊடுகளுக்கு கேட்டு, கிரில்லு, கடைகளுக்குப் பேர்ப்பலகை மாட்டறது. சின்ன வேலைதான். போல்ட்டு மாட்டுனா ஒரு மஞ்சக் கோடு போட்டு விட்டுருவேன். அவன்கிட்டக் கத்துக்கிட்டதெல்லாம் இல்லைங்க. அது பாக்கறதுக்கு ஒரு லட்சணமா இருக்கு, அவ்வளவுதான். ஆறு மாசம் கழிச்சு அந்தப் பக்கம் போனா ஒரு எட்டுப் பாத்துட்டு வருவேன். போற வழிதான.

பத்திரிகை வைக்கத் தட்டோட வந்தானுங்க, அவனும் ருக்குமணியும். நான் பின்னால தண்ணித்தொட்டி கழுவிட்டிருந்தேன். கழுவ ஒண்ணுமில்ல, முந்துன நாள்தான் கழுவுனது. தெய்வானைதான் வாங்குனா. அவன் பின்கட்டு வரைக்கும் வந்து நின்னான். "பட்டம் நீதான் கட்டணும். வேற யாரையும் வைக்கல"ன்னான். பாக்கலாம்னேன். நான் குனிஞ்ச தலைய நிமுத்தல. போயிட்டான். தெய்வானை அன்னைக்குச் சோத்தை மூடி வச்சுட்டுப் போயிப் படுத்துட்டா. அவ எப்பவும் அவன் பக்கந்தான்.

சரி, எங்கதையே பேசிட்டிருக்கேன். மாப்ள என்ன பண்றாருன்னு கேக்கவே இல்ல பாருங்க. பத்திரிகைல படிப்பு மட்டுந்தான் போட்டிருந்துச்சு.

அப்படிங்களா. எந்தப் பட்டறைங்க?

ஓ.

அது சரி, திருமூர்த்தி அங்கதான இருக்கான். அங்க பாத்துப் பிடிச்சுப்போயிதான் பேசியிருப்பான். நல்லதுதான். இப்பத்தான் சேந்தாருங்களா?

ஆரம்பத்துல இருந்தேவா. மிஷின் வந்தப்பவே. ம். எந்தச் செக்ஷனுங்க?

ஸ்டென்டர்ல.

இல்லைங்க, சும்மாதான் கேக்கறேன். ஸ்டென்டர்ல துணிய உள்ள விடற பக்கமுங்களா, வெளிய எடுக்கற பக்கமுங்களா?

வெளிய எடுக்கற பக்கம்.

சரிங்க. இல்லைங்க, ஒண்ணுமில்ல. அந்தத் தண்ணி பாட்டலைக் கொஞ்சம் குடுங்க.

நீங்க இவ்வளவு நேரம் தெரிஞ்சுட்டேதான் கேட்டுட்டிருந்தீங்களா? அந்தத் தீவாளிக்கு லீவு வுட்டாங்கன்னு ஊட்டுக்கு வந்து சொன்னாருங்களா. மேல எதோ சரி பண்றாங்கன்னு. ம். சின்னப்பையந்தான அப்ப. இருவது இருபத்தொண்ணு இருக்கும். போட்டோல சிரிச்ச மொகமா இருக்காரு.

ஆனாலும் அவன் எங்கிட்ட ஒரு வார்த்தை...

சரி, விடுங்க.

அதோ வர்றான் பாருங்க. பொண்ணோட அப்பன், பட்டு வேட்டிய இன்னும் கட்டத் தெரியல, ஒரு பக்கம் தரையக் கூட்டிட்டு வருது. நேரா இங்கதான் வர்றான். யாரையாவது அனுப்பியிருக்கலாம், அவனே வர்றான்.

என்னடா?

"பட்டத்துக்கு நேரமாச்சு. பொண்ணு உள்ள உக்காந்திருக்கா. வா, சென்னி."

மேல அது என்ன போல்ட்டு?

"கெமிக்கல்தான்."

யாரு போட்டது?

"தெரியல. மண்டபத்துக்காரங்க யாரையோ வச்சுப் போட்டிருக்காங்க. நேத்து ஏணி வாங்கி ஏறிப் பாத்தேன். ஒவ்வொண்ணையும் பாத்தேன். கோடு போட்டிருக்கேன்."

நீ ஏறிப் பாத்தியா?

"நான்தான் பாத்தேன். வா."

சரிங்க. கூப்பிடறாங்க, நான் போயிட்டு வர்றேன். பையைத் தூக்க வேண்டாங்க, வைங்க, நானே எடுத்துக்கறேன். உள்ள பட்டுச்சீலை இருக்கு, பட்டமும் அதுலதான் இருக்கு, கசங்கிரும்.

நீங்க ஏனுங்க இங்க செவுத்தோரத்துல வேர்த்துக்கிட்டு. நடுவால போயி உக்காருங்க. அங்கதான் காத்து வருது.